நலிந்தவர் மூலை

திருச்சுழி ரோட்டில் கரிசல் காட்டை அழித்து ஒரு நகர் போட்டார்கள். பெரிய லேஅவுட் என்றால் ஒரு பகுதியை ஏழைகளுக்குச் சின்ன மனைகளாக ஒதுக்க வேண்டுமென்பது அரசாங்க விதி. மனை போட்டவர் விதியை மீறவில்லை. மழை பெய்தால் மொத்த நகரின் தண்ணீரும் வந்து நிற்கிற ஓடையோரப் பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கினார். முகப்பில் ஆர்ச்சும் பூங்காவும், கடைசியில் நாங்கள். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டி, வாடகை கொடுத்தே தேய்ந்துபோன நானும் என் வீட்டுக்காரரும், எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பங்களும் அங்கே வீடு கட்டிக்கொண்டோம்.

எங்களால் நகரின் மதிப்புக் குறைகிறதாம். மதிப்பு என்ன பெரிய மதிப்பு! அவர்களுடைய மனைகளில் பாதியில் சீமைக்கருவேலம்தான் குடியிருந்தது. பெரிய மனைக்காரர்கள் சங்கம் கூடி, எங்கள் தெரு அவர்கள் தெருவில் சேரும் இடத்தில் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். பஸ்ஸுக்குப் போக என் மகள் ஓடைக்குள் இறங்கி முள்ளுக்குள் சுற்றிப் போனாள். மனு கொடுத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி சங்கத் தலைவர் வீட்டில் காபி குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். போய்விட்டார்.

கோடையில் மேட்டில் போட்ட போர்வெல் எல்லாம் புழுதி கக்கியது. நாங்கள் நாலு வீடும் சேர்ந்து பள்ளத்தில் போட்ட போரில் மட்டும் நல்ல தண்ணீர். எங்களைத் தள்ளிவிட இடம் தேடியபோது மனை போட்டவருக்கு, இந்தப் பக்கத்தில் தண்ணீர் எங்கே ஊறும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

தலைவர் வந்தார். ஓடையைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது. வேட்டியில் முள் ஒட்டியிருந்தது.

“நாமெல்லாம் ஒரே நகர்தானம்மா. ஒரு குழா மட்டும் இழுத்துக்கிறோம்.”

“ஒரே நகருக்குள்ள சுவரு எதுக்கு சார்? அத எடுங்க, தண்ணி தாரோம்.”

“எடுத்துர்றோம்மா.”

“வாசல்ல வந்து கேக்குறாக, குடுத்துருவோம்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த இளகிய மனசைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் கொத்தனார் சுவரை உடைக்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடப் பையோடு ஓடிய மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“யம்மா, அதுக்குள்ள நான் எப்பிடிம்மா நுழைய?”

போய்ப் பார்த்தேன். சுவரின் அடியில் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

குழாயை மாட்டி முடிக்கட்டும் என்று மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். மோட்டார் ரூமைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன்.