மு. பே. என்று எழுதிய மெஷின்

அந்த மெஷின் டெம்போவிலிருந்து இறங்கும்போதே பேச்சிராஜாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெல்ட் பக்கிள் அடிக்கிற பழைய பவர் பிரஸ். தாராவியில் இழுத்து மூடிய ஒரு பட்டறையிலிருந்து காயலான் விலைக்கு வாங்கி, ஏழெட்டுப் பேர் கயிறு போட்டு இழுத்துக் கல்லூரி லேபுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு எழுத்து: மு. பே.

"அங்கிள், இது தமிழா? என்ன எழுதிருக்கு?" என்றாள் சாதியா. மெக்கானிக்கல் நாலாம் வருஷம். தாராவிப் பிள்ளைதான். தமிழ் வாய் நிறையப் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் முழிப்பாள்.

"கம்பெனி பேரும்மா."

சுத்தப் பொய். முத்துசெல்வம், பேச்சிராஜா: அந்தப் பட்டறையில் இதே மெஷினை ஓட்டிய இரண்டு பேர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூஜையன்று முத்துசெல்வம் எழுதியது. எழுதிய அந்த வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

பேச்சிராஜா மாட்டுங்காவில் அந்த இன்ஜினியரிங் கல்லூரியின் லேப் அசிஸ்டெண்ட். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கை வைக்காமல் அங்கே ஒன்றும் ஓடாது. பிள்ளைகள் வாங்கிய கப்புகள் கண்ணாடி அலமாரி நிறைய நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இவர் திருகிய போல்ட் ஒன்றாவது இருக்கும். பேர் மட்டும் எங்கேயும் இருக்காது. அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை அவர். பேர் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கக் காரணம் இருந்தது.

மெஷினை முதன்முதலாக ஓட்டிய அன்று, பகல் பதினொரு மணிக்கு, முத்துசெல்வத்தின் குரல் கேட்டது. "தூக்குல பேச்சி, மேல தூக்குல." வெடுக்கென்று திரும்பினார். சாதியாவும் அவள் கூட்டாளி முகேஷும் லேப்டாப்பில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் இல்லை. அதற்கப்புறம் குரல் அவரை விடவில்லை. மெஷின் இறங்கும் ஒவ்வொரு தடவையும் காதோரம் வந்து சொன்னது. பிறகு மெஷின் வேண்டியிருக்கவில்லை. ரயிலில் கேட்டது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டது. "யாருக்குப் பதில் சொல்லுதீக?" என்று மனைவி மாரீஸ்வரி கேட்டபோதுதான், தான் வாய்விட்டுப் பேசியிருப்பதே தெரிந்தது.

பிள்ளைகள் செய்த ஆராய்ச்சி இதுதான். இந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் அவசரத்துக்கு ஆட்கள் ஒரு பட்டனை சைக்கிள் டியூபால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் சாதியாவின் பெட்டி. ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுங்க வேண்டும், சேர்ந்து விடுபட வேண்டும். சரியென்றால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு எரிந்து மெஷின் நின்றுவிடும்.

"இத யாராலயும் ஏமாத்த முடியாது அங்கிள். டெல்லியில போட்டி ஃபைனல்ல ஜெயிச்சா தாராவியில நூறு பட்டறைக்கு மாட்டித் தர்றாங்களாம்!"

நூறு பட்டறை. ஏமாற்ற முடியும் என்று பேச்சிராஜாவுக்குத் தெரியும். எப்படி என்பதும் தெரியும். சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், பச்சை விளக்கை நம்பி எவனோ ஒருவன் இரும்புக்குக் கீழே கையை விடுவான். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த நாலு நாளும் அவர் தூங்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் லாக்கரைத் திறந்து, பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பூரிக்கட்டை. மாரீஸ்வரி பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடெல்லாம் தேடியது.

கட்டையை இரண்டு பட்டனுக்கும் குறுக்கே வைத்தார். சைக்கிள் டியூபில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலால் ஒரு தட்டு. இரண்டு பட்டனும் ஒன்றாக அழுங்கின, ஒன்றாக விடுபட்டன. இரும்பு டமாரென்று இறங்கி ஏறியது. அவருடைய இரண்டு கையும் சும்மா அந்தரத்தில் இருந்தன. பெட்டியில் பச்சை.

"அரே!" என்றான் முகேஷ். சாதியா கட்டையையே பார்த்தாள். "அங்கிள், இது உங்களுக்கு எப்படி..."

"தீவாளி ஆர்டரு. ரெண்டு கையும் பட்டன்லயே இருந்தா என்னைக்கு முடிக்கதுன்னு, முத்துசெல்வத்துக்கு நான்தான் இத மாட்டிக் குடுத்தேன். மூணாவது நாளு அவன் கை போச்சு. சேட்டு வாறதுக்குள்ள கட்டைய ஒளிச்சிட்டேன். அவன் கவனமில்லாம ஓட்டினான்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

முகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். சாதியா கட்டையைக் கழற்றி மேஜையில் வைத்து, "மூணு நாளு முழங்கால்லயே ஓட்டினவங்க அதே வேகத்துல ஓட்டிக் காட்டினாத்தான் ரீடிங் எடுக்க முடியும் அங்கிள். அவர் வருவாரா?" என்றாள்.

முத்துசெல்வத்துக்கு இப்போது தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பால், ரொட்டிக் கடை. ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்க முடியாதென்று பதினோரு வருஷமாகத் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பேச்சிராஜாதான் தூக்கிவிடுவார். என்ன சிநேகம், என்ன சிநேகம் என்று தெருவே சொல்லும்.

அன்று சாயங்காலம் கட்டையைக் கல்லாமேல் வைத்தார். சாதியாவின் பெட்டியைப் பற்றியும், ஓட்டிக் காட்ட அவள் கூப்பிடுவதையும் சொன்னார். முத்துசெல்வம் அதை இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் வச்சிருக்கியா?"

"ஒனக்குத் தெரியுமால?"

"தெரியாம? கட்டைய மாட்டச் சொல்லி நானும்தான் சிரிச்சேன். அதுக்கு ஒன்ன ஒருநாளும் குத்தம் சொல்ல மாட்டேன்." குரலில் கோபமே இல்லை. "கை உள்ள மாட்டிக்கிட்டு நான் தூக்குல, தூக்குலன்னு கத்துதேன். சைடுல உள்ள சக்கரத்தத் திருப்பினா இரும்பு ஏறிரும். நீ மொதல்ல கட்டைய உருவி பைக்குள்ள வச்ச. அப்புறந்தான் சக்கரத்துக்கு வந்த. நான் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்."

 இதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் பேச்சிராஜா பதினோரு வருஷம் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்.

"அந்தப் பிள்ளைக்காக வாறேன். நீ அன்னைக்கு லீவு போட்டுரு. நாளையிலேருந்து ஷட்டருக்கும் வராண்டாம்."

வேலையில் சேர்ந்த பிறகு அவர் காரணம் எழுதாமல் போட்ட ஒரே லீவு அதுதான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது. சாதியாதான். மூச்சு வாங்கினாள்.

"அங்கிள், ரெட் வந்துடுச்சு! ரெண்டு கை அழுத்தினா கொஞ்சமாவது முன்னபின்ன இருக்கு. ஒவ்வொரு தடவையும் வேற வேற கேப். கட்டைல அந்த கேப் மாறவே மாட்டேங்குது. அத வச்சுப் புடிச்சிட்டோம். இரும்பு பாதியிலேயே அந்தரத்துல நின்னுடுச்சு!"

அவளுக்குப் பின்னால் மெஷினின் முனகல் கேட்டது. அதற்கும் பின்னால் முத்துசெல்வத்தின் குரல், நிதானமாக: "தூக்கும்மா."

"ஒரு நிமிஷம் அங்கிள்," என்று சாதியா போனை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடினாள். சக்கரம் உடனே சுழலும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.