மூன்றாம் மாடி சன்னலுக்குக் கீழே

லைசன்ஸ் இல்லாமலேயே மிச்சியோ புருஷனுடைய பைக்கை ஓட்டித் திரிகிறாள் என்று ஜப்பானின் ஹமாமத்சு நகரில் அவள் தெருவில் ஒரு பேச்சு. சலூன்காரர் மனைவிக்கு யாரோ சொன்னார்களாம். பார்த்தவர் எவருமில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு, அறுபத்தாறு வயது மிச்சியோ தோட்ட வேலைக்கான வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, நூற்றெண்பது கிலோ வண்டியை நடைபாதையோடு தள்ளிக்கொண்டுதான் போகிறாள். புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருமுறை மறித்தார்.

“லைசன்ஸ் எங்கம்மா?”

“எஞ்சின் ஆஃப்ல இருக்கு தம்பி. தள்ளிட்டுப் போனா நானும் நடக்கிறவதான். உங்க சட்டத்துலயே இருக்கு, போய்ப் படிங்க.”

அவர் தொப்பியைத் தொட்டு வழிவிட்டார்.

எழுபதுகளில் வந்த நானூறு சிசி வண்டி அது. நான்கு சிலிண்டரிலிருந்தும் இறங்கும் நான்கு குழாய்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளைந்து, அடியில் ஒன்றாகிவிடும். புருஷன் தத்சுவோ கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. “பெரிய வண்டி நம்மள ஓட்டும். சின்னது நம்மகிட்ட கெஞ்சும். இதுதான் கூட வரும்” என்பார்.

“அதத் தேய்க்கிற கை ஒருநாளாவது ஒரு தட்டக் கழுவியிருக்கா?” என்பாள் மிச்சியோ.

மூன்று வருடமாகத் தத்சுவோ முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். பக்கவாதம். பேச்சு போனது, மனைவியின் முகமும் போனது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மிச்சியோ சோக்கை இழுத்து எஞ்சினைக் கிளப்புவாள். முதலில் இருமும், சூடேறியதும் நான்கும் ஒரே குரலாகிவிடும். அப்போது சன்னலோரச் சக்கர நாற்காலியில் அவர் வலது மணிக்கட்டு, ஆக்சிலரேட்டரை முறுக்குவதுபோல மெல்லத் திரும்பும். அவ்வளவுதான். அதற்காகத்தான் அவளுக்கு வாரம் முழுதும் விடிகிறது.

“என்னைய மறந்துட்டாரு, இத மறக்கல பாரு. பொறாமையா இருக்குடி” என்று நர்ஸ் ஒக்குமுராவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போன ஞாயிறு மணிக்கட்டு அசையவில்லை. பெட்ரோல் ரிசர்வுக்கு வரும்வரை மிச்சியோ எஞ்சினை நிறுத்தவில்லை. ஒக்குமுராதான் இறங்கி வந்து அவள் தோளைத் தொட்டாள். “ஏதாவதுன்னா நானே கூப்பிடுறேன்க்கா.”

இன்று, இல்லத்துக்கு இன்னும் ஒரு திருப்பம் இருக்கையில், ஹேண்டில்பாரில் வாய் திறந்து தொங்கிய துணிப்பைக்குள் போன் அடித்தது. திரையில் ஒக்குமுராவின் பெயர். எடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும்.

மிச்சியோ நிற்கவில்லை. எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து, இடுப்பை வண்டியோடு சாய்த்து, ஓடத் தொடங்கினாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.