வெள்ளித்தாளுக்கு ஒரு தீக்குச்சி

பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ராக்கெட் செய்துகொண்டிருந்த என் மகள், அதில் ஒட்டப்போகும் வெள்ளித்தாள் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று பார்க்க ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினாள். தாள் சுருண்டு, கருகிய வாடை வந்தது. அடுத்த நொடி நான் தெருவில் நின்றேன். காலில் செருப்பில்லை, முகத்தில் மானமில்லை. எதிர்வீட்டு ஆடுகூட என்னைவிட நிதானமாக நின்றது.

“எங்கன ஓடுறீக? பிளாஸ்டிக்தான்ப்பா.”

சின்ன வயதில் நாரணாபுரத்து வீட்டில் நானும் இப்படித்தான் சோதிப்பேன். அச்சகக் கழிவில் பொறுக்கிய ஜிகினாத்தாள் சுருண்டால் பிளாஸ்டிக், சுருளாவிட்டால் அலுமினியம். அப்பாவுக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அவர் வந்து குளிக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து, நான் குச்சியை உரசிய நேரத்தில் வாசலில் வந்து நின்றார். தலைமுதல் கால்வரை அலுமினியப் பொடி மின்னியது. ஒரு பொறி பட்டால் போதும்.

“அணைச்சிரு லே,” என்றார் மெதுவாக.

ஊதினேன். தெருப் பிள்ளைகளின் பலூனையெல்லாம் ஊதித் தருகிற எனக்கு அன்று மூச்சே வரவில்லை. கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்தபோது, என்னைப் பார்த்தபடியே அப்பா ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். குச்சி என் விரலைச் சுட்டு அணைந்த பிறகும் அவர் கிட்ட வரவில்லை.

“அணைச்சிட்டேன், உள்ள வாங்கப்பா,” என்கிறாள் மகள்.

அப்பாவை அன்று இப்படிக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.