டக் என்றால் தப்பு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் லீடாவின் நோட்டைத்தான் பார்க்க வேண்டும். தேதி, மணி, நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்துப் பழகிய கை அவளுடையது. நடக்காததை எழுதாது.

லீடாவுக்கு வயது நாற்பத்து மூன்று. செக் நாட்டின் மொராவியாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே மேட்டில் இருக்கிற ஊர். அந்த அக்டோபர் மாதம் அவளுக்கு என்னவோ இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். புத்தகம் எடுத்தால் இரண்டு பக்கம் ஓடாது. கையால் செய்கிற வேலை ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் மனசு அடங்கும் என்று பட்டது. பக்கத்து ஊர் விவசாயி ராடிமின் வைக்கோல் கொட்டகையில் 1956-ஆம் வருடத்து ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டாள். போய்ப் பார்த்தாள். அன்றைக்கே வாங்கி வந்துவிட்டாள்.

அவள் கணவன் ஹீனெக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சீட்டெல்லாம் கோழி எச்சம். தொட்ட இடமெல்லாம் துரு.

"இது வண்டியா, கோழிக்கூடா?"

"ஏப்ரல்ல இதுலதான் உன்னைப் பின்னாடி உக்கார வச்சு ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன்."

"அதுக்குள்ள நான் நாப்பது தடவை நடந்தே போய்ட்டு வந்துடுவேன்."

லீடா அதுவரை ஸ்பேனர் பிடித்தவள் இல்லை. துணைக்கு எண்ணெய்க் கறை படிந்த பழைய கையேடு ஒன்று. சந்தேகம் வந்தால் தம்பி டிபோருக்கு ஒரு போன். அவன் நகரத்து பஸ் டிப்போவில் மெக்கானிக். "அக்கா, மாத்திரை எண்ணுற மாதிரி இல்ல இது. எதைக் கழட்டினாலும் முதல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ" என்று சிரிப்பான்.

அவள் வீட்டுத் தோட்டத்து ஓரத்தில் கல் கொட்டகை, வண்டி அதில். கதவு ஒன்று, பூட்டு ஒன்று. சாவி லீடாவின் கழுத்துச் சங்கிலியில்.

நவம்பர் 14. காலை 6.10. முந்தைய நாள் சாயங்காலம் கார்புரேட்டரைக் கழுவி, மாட்டி, முடுக்கிவிட்டுப் போயிருந்தாள். கதவைத் திறந்தால் அது கழன்று கிடக்கிறது. சிதறிக் கிடக்கவில்லை. துணி விரித்து, அதன்மேல் திருகாணி திருகாணியாக வரிசை. உள்ளே இருக்கிற மிதவை மட்டும் தனியே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"நீயா கழட்டினே?" என்று ஹீனெக்கிடம் கேட்டாள்.

"நானா? ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே உன்னைத்தானே கூப்பிடறேன்!"

கையேட்டைப் புரட்டினாள். மிதவையை அவள் தலைகீழாகப் போட்டிருந்தாள்.

நவம்பர் 29. காலை 6.12. இந்தத் தடவை செயின். இணைப்பு கிளிப் கழன்று, அதே துணியில். டிபோருக்குப் போன் செய்தாள்.

"கிளிப்போட திறந்த வாய் எந்தப் பக்கம் பாத்திருந்தது?"

"முன்பக்கம்."

"ஐயோ அக்கா! அது பின்னாடி பாக்கணும். ஓடும்போதே செயின் தெறிச்சிருக்கும். யாரு கண்டுபிடிச்சது?"

லீடாவின் கை கழுத்துக்குப் போனது. சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று அவளை அரித்தது. தப்பாகப் பூட்டியது மட்டும்தான் கழன்றது. சரியாகப் பூட்டிய எதையும் யாரும் தொடவில்லை. அப்படியென்றால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு உதவி செய்கிறார்கள்.

ஜனவரி 9. மாலை 5.47. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஒற்றை பல்பு. எஞ்சின் மூடியில் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

டக்.

இரும்பை இரும்பால் தட்டிய சத்தம். தலைக்குப் பின்னால்.

திரும்பினாள். யாரும் இல்லை. மறுபடி அதே நட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

டக்.

கையை எடுத்தாள். சத்தம் இல்லை. எதிர்மூலை நட்டுக்கு மாறினாள். சத்தம் இல்லை. குறுக்காக மாற்றி மாற்றித்தான் முடுக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் அதை மறந்திருந்தாள். குறுக்காகவே எல்லாவற்றையும் முடுக்கினாள். கடைசி வரை கொட்டகை அமைதியாக இருந்தது.

அன்றிலிருந்து டக் என்றால் தப்பு. சத்தம் இல்லையென்றால் சரி.

பிப்ரவரியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "முடிச்சிட்டுப் போயேன், வண்டி எங்க ஓடிப் போகப்போகுது?" என்பான் ஹீனெக். மருந்துக்கடையில் நிற்கும்போதும் கண் கடிகாரத்தில்தான். எப்போது நாலு அடிக்கும், எப்போது கொட்டகைக்குப் போகலாம் என்றே மனசு பறக்கும். வேலை மளமளவென்று நடந்தது. கையேட்டை அநேகமாகத் திறப்பதே இல்லை.

டிபோரே ஒருநாள் கூப்பிட்டான். "என்னக்கா, போனையே காணோம்? வேற மெக்கானிக் பிடிச்சிட்டியா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. மாலை 6.20. மீதி இருந்தது முன் சக்கரம் ஒன்றுதான். பிரேக் தட்டில் ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், இருக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற முன் கவட்டில் ஒரு முட்டு இருக்கும். முட்டு காடிக்குள் உட்கார வேண்டும். லீடா சக்கரத்தைத் தூக்கினாள். முட்டு சரியாக உட்கார்ந்தது.

டக்.

நின்றாள். உற்றுப் பார்த்தாள். சரியாகத்தான் தெரிந்தது.

டக். டக்.

கையேட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்துப் படம் முழுக்க எண்ணெய்க் கறை. ஒன்றும் தெரியவில்லை.

டக் டக் டக் டக்...

காதுக்கு வெகு பக்கத்தில். அவசரமாக.

சக்கரத்தை இறக்கினாள். தட்டைக் கொஞ்சம் திருப்பினாள். காடி விலகியது. முட்டு வெளியே நின்றது.

அமைதி.

அப்படியே அச்சை முடுக்கினாள்.

மறுநாள் காலை எதுவுமே கழன்றிருக்கவில்லை. துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. லீடா அதைப் பார்த்துவிட்டு, தனியாக நின்றபடியே, "நன்றி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை 9.40. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. ஹீனெக் பையில் ரொட்டியும் சாசேஜும் எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நடந்து போறதுதான் நல்லதுன்னு இப்பவும் தோணுது" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினான். வாசல் தாண்டினால் செங்குத்தான இறக்கம். அடியில் திருப்பம். திருப்பத்தில் சர்ச்சின் கல் சுவர்.

அப்போது கார் ஒன்று வந்து வாசலை அடைத்தது. டிபோர். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

சிரித்துக்கொண்டே இறங்கினான். வண்டியைப் பார்த்தான். முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

சிரிப்பு போய்விட்டது.

"அக்கா... எஞ்சினை அணை."

"ஏன்டா?"

"அணைன்னு சொல்றேன்!"

அணைத்தாள்.

"இந்தத் தட்டைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. இறக்கத்துல பிரேக் பிடிச்சா தட்டும் சேந்து சுத்தும். சக்கரம் அப்படியே நின்னுடும். ரெண்டு பேரையும் தூக்கி அந்தச் சுவத்துல அடிச்சிருக்கும். இதை எப்படிக்கா விட்டே?"

"விடல... சரியாத்தான் வச்சேன்." லீடா கொட்டகைப் பக்கம் திரும்பினாள். "மாத்தச் சொன்னாங்க."

"யாரு?"

மணி 9.48.

திறந்து கிடந்த கொட்டகைக் கதவுக்குள்ளிருந்து...

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

வேட்டை தப்பிப்போனவன் கொட்டுவது போல.

மூவருக்கும் கேட்டது.

உள்ளே யாரும் இல்லை.

திங்கட்கிழமை டிபோர் அந்த வண்டியைப் பழைய இரும்புக் கிடங்குக்கு எடுத்துப்போனான். இயந்திரத்தில் கொடுத்து, அது நசுங்கி முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

மே 21. பகல் 11.30. மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க ராடிம் வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"வண்டி... ஓடுதுங்களா?"

"கிலோ கணக்குல இரும்புக்குப் போட்டாச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல காரியம் பண்ணீங்க."

லீடா மருந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்போ, தெரிஞ்சேதான் எனக்கு வித்தீங்களா?"

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. எங்க அப்பா எங்கிருந்தோ வாங்கிட்டு வந்தார். ஒருநாள்கூட ஓட்டினதில்ல. ஏன்னு கேட்டா பேச்சை மாத்துவார். அவர் போனப்புறம் நான்தான் வித்தேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர். உங்களை மாதிரியே, வேலை கத்துக்கணும்னு ஆசைப்பட்டு வந்தவங்க. ரெண்டு பேருமே முதல் நாள் ஓட்டினப்பவே போய்ட்டாங்க. முன் சக்கரம் நின்னு தூக்கி எறிஞ்சுடுச்சு. வீட்டுக்காரங்க வண்டியைக் கொண்டுவந்து என் கொட்டகையிலயே தள்ளிட்டுப் போனாங்க. கத்துக்குட்டிங்க, ஏதோ தப்பாப் பூட்டிட்டாங்கன்னு நெனச்சேன்."

லீடா மருந்தை மேஜைமேல் வைத்தாள்.

"முதல் ஆள், சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணினாரு. ஒரே சந்தோஷம். 'பக்கத்துலயே ஒருத்தர் நின்னு சொல்லிக்குடுக்கற மாதிரி இருக்கு'ன்னாரு. நான் சிரிச்சேன்."

"ரெண்டாவது ஆள்?"

ராடிம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். மருந்தை வாங்கவே மறந்துவிட்டார். கதவு வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அவரும் போன் பண்ணினாரு. அவருக்கு ரெண்டு பேர் சொல்லிக்குடுக்கறாங்கன்னாரு."