வெள்ளை அறுபத்தொன்று

ஆல்சி ஃபாண்டனெட், சலவைக்கடையில் வேலை பார்க்கும் ஜெரலினுக்கு நாற்பது டாலர் கடன்பட்டிருந்தார். வாழ்நாளில் அவர் நாள் கடத்திய ஒரே கடன் அதுதான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ஊரான் பஸ்ஸைக் கழுவிக் கழுவியே மூன்று பஸ்ஸுக்கு முதலாளி ஆனவர், ஒரு தவணை தவறாதவர். நியூ ஆர்லியன்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் அவரே சொல்வார். அப்படிப்பட்டவர் சட்டைப் பையில் அந்த நாற்பது டாலர் மூன்று வாரமாக ஒரு உறைக்குள் கிடந்தது.

ஊரையே மூழ்கடித்த அந்தப் பெரும் புயலுக்குப் பிறகு ஊரின் பழைய பள்ளிகளெல்லாம் ஒவ்வொன்றாக சார்ட்டர் பள்ளிகளாக மாறின. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது தனிக் குழு. பெக்கன் தெருவில் ஒன்று திறந்தபோது, அறுபது இடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் மனுப் போட்டார்கள். குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதா கோயில் மண்டபத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் போட்ட பந்துகளைக் குலுக்கும் கம்பிக் கூண்டை எடுத்து வந்து, சிவப்புப் பந்து பாதிப் பேருக்கு, வெள்ளைப் பந்து மீதிப் பேருக்கு என்று எண் கொடுத்தார்கள். கூண்டைச் சுழற்ற ஆல்சியைக் கூப்பிட்டார்கள். வியாழன்தோறும் அங்கே பிங்கோ நடத்துபவர் அவர்தான். அந்தக் கையை ஊரில் எவரும் சந்தேகப்பட்டதில்லை.

அது நடந்து நான்கு வருஷம். இப்போது பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஓச்சோவா வந்திருந்தார், அந்தப் பள்ளியால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே படிப்பு ஏறியதா என்று பார்க்க. அவருக்கு வேண்டியது, இடம் கிடைக்காமல் போன எண்பத்தெட்டுப் பிள்ளைகள்.

“தோத்த பிள்ளைங்க எதுக்கும்மா?” என்று ஆல்சி கேட்டார்.

“கெடச்ச பிள்ளைங்கள மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், மிஸ்டர் ஆல்சி. அக்கறையுள்ள அம்மாதானே அலைஞ்சு மனுப் போடறா? அவ பிள்ளை எங்க போட்டாலும் படிக்கும். அதே அக்கறையோட மனுப் போட்டும் கூண்டு கைவிட்ட பிள்ளைங்க வேணும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் பள்ளிக்கூடம் செஞ்சது எவ்வளவுன்னு தெரியும்.”

“அப்போ உங்க ஆராய்ச்சியே நான் சுத்துன கூண்டுமேலதான் நிக்குதுன்னு சொல்லுங்க.”

“அப்படித்தான்.”

இதை ஆல்சி அதன்பிறகு குறைந்தது நாற்பது பேரிடம் சொல்லியிருப்பார்.

அந்தப் பிள்ளைகளைத் தேடி, டாக்டரிடம் வேலை பார்த்த பட்டம் வாங்கிய பையன்கள் அனுப்பிய கடிதங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. புயல் கலைத்துப் போட்ட ஊரில் கடிதத்துக்கு யார் சிக்குவார்கள்? தேடித் தரும் பொறுப்பை ஆல்சி ஏற்றுக்கொண்டு, முடிவெட்டும் கடைகளில் உட்கார்ந்தார். சாவு வீடுகளில் சாப்பிட்டார். ஊர் வழக்கப்படி திங்கட்கிழமைகளில் எந்த வீட்டில் சிவப்பு பீன்ஸ் வெந்தாலும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். எண்பத்தெட்டில் எண்பத்தைந்து பேரைப் பிடித்துவிட்டார். எண்பத்தைந்தாவது, ஜெரலினின் மகள் கியோனா. பதினான்கு வயது.

நூலகத்தில் அந்தப் பெண் இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் ஆராய்ச்சிக்கான தேர்வு எழுதியது. வெளியே ஜெரலின் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க ராசி அப்படி மிஸ்டர் ஆல்சி. லாட்டரி, வேலை, புருஷன் எதுவும் விழுந்ததில்ல. என் ராசிதான் இவளையும் ஒட்டிக்கிச்சு.” அப்போதுதான் கதவைத் திறந்து வந்த கியோனா, கேட்டுப் பழகிய முகத்தோடு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தேர்வு எழுதினதுக்குப் பல்கலைக்கழகம் குடுக்கற நாப்பது டாலர் திங்கக்கிழமை உங்க கையில இருக்கும். இது ஆல்சி வாக்கு” என்றார் அவர்.

திங்கட்கிழமை சலவைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ரசீதில் கையெழுத்து வாங்கப் பேனா தேடினார். டாஷ்போர்டு அறைக்குள் கையை விட்டுத் துழாவியபோது வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளைப் பந்து. அறுபத்தொன்று. நடுவில் கீறல், பக்கத்திலேயே காய்ந்துபோன பசைக் குழாய்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. குலுக்கலுக்கு முந்தின வியாழக்கிழமை பிங்கோவில் விரிசல் விட்ட பந்து. ஒட்டித் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தவர் மறந்துபோனார். சனிக்கிழமை குலுக்கல். பந்துகளை எண்ணிப் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் தொடுகிற கூண்டில் பந்தை யார் எண்ணுவார்கள்? அடுத்த வாரமே கோயிலில் புதுப் பந்துகள் வாங்கிவிட்டார்கள்.

ரசீதைப் பார்த்தார். ‘கியோனா. வெள்ளை 61. குலுக்கலில் இடம் கிடைக்காதவர்.’

அந்தப் பந்து கூண்டுக்குள்ளேயே போகவில்லை.

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் கடைத்தெருவில் ஜெரலின் எதிரே வந்தாள். “என்ன மிஸ்டர் ஆல்சி, மூணு பஸ்ஸும் ஒரே நாள்ல பஞ்சரா? நாப்பது டாலர் நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் சேர்ந்திருக்குமே!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. வாயைத் திறக்காவிட்டால் அவர் பெயருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெண் மட்டும் தன்னை ராசி கெட்டவள் என்றே நம்பிக்கொண்டு வளரும்.

மூன்று வாரமான பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் டாக்டர் ஓச்சோவாவின் மேஜைமேல் பந்தை வைத்து, நடந்ததைச் சொன்னார். டாக்டர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“கூண்டுக்குள்ள போகாத பிள்ளைய தோத்த பிள்ளையா எண்ண முடியாது, மிஸ்டர் ஆல்சி. அவள எடுத்துடணும். அறிக்கையிலயும் எழுதணும்.”

“எம் பேரு வருமா?”

“பேரு வராது. தப்பு வரும்.”

“கூண்டு சுத்துனது யாருன்னு ஊருக்கே தெரியும்மா.” ஆல்சி தொப்பியைக் கையில் திருகினார். “எழுதுங்க. நல்லா வெளக்கமாவே எழுதுங்க.”

“அந்த உறைய குடுத்துடுங்க. பட்டியல்ல இல்லாதவங்களுக்கு இந்தப் பணத்தைக் குடுக்க முடியாது. வேற மனுப் போட்டு வாங்கித் தரேன், ரெண்டு மாசம் ஆகும்.”

“ரெண்டு மாசமா? பணம் உங்களுது, வாக்கு என்னுது” என்று உறையை வைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சலவைக்கடையில் ஜெரலின் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்தபடி கியோனா. பள்ளிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அப்போதுதான் வந்திருந்தாள். ஆல்சி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

ஜெரலினின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. “நாலு வருஷமா இவகிட்ட என்ன சொல்லி வளத்தேன் தெரியுமா? நமக்கு விழாது, ஆசைப்படாதேன்னு சொல்லி வளத்தேன். நீங்க என்னடான்னா பந்தைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க! ஊரெல்லாம் ‘என் கை, என் கை’ன்னு பீத்திக்கிட்டீங்களே, இதுதானா அந்தக் கை?”

“இதுதான்.”

அந்த ஒற்றைச் சொல்லில் அவள் கோபம் பாதி இறங்கிவிட்டது. “இவ அங்க போயிருந்தா?” என்றாள் மெதுவாக.

“அங்க போன பிள்ளைங்க கணக்குல கொஞ்சம் மேலயாம், வாசிக்கறதுல பெரிய வித்தியாசம் இல்லயாம். நூத்து நாப்பத்தேழு பிள்ளைக்குச் சேத்துத்தான் சொல்ல முடியும், ஒத்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இவ எப்படி இருந்திருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது ஜெரலின். அதுக்கு நான் மன்னிப்புத்தான் கேக்க முடியும்.”

கியோனா அவர் கையிலிருந்த பந்தை எடுத்து, கீறலை நகத்தால் தடவினாள். “அப்போ நான் தோக்கலையா?”

“நீ ஆட்டத்துக்கே வரல செல்லம். நான்தான் உன்னை வண்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்தேன்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டியாம்மா? ராசியெல்லாம் ஒண்ணுமில்ல.”

ஜெரலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரிப்பைப் பொறுக்கினாள். ஆல்சி பணத்தை எடுத்ததும், “எங்கிட்ட நீட்டாதீங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதுனது அவ” என்றாள்.

கியோனா பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்தாள். பஸ் கட்டணத்தில் சேர்ந்த கசங்கிய ஐந்து டாலர் நோட்டுகள். ஒவ்வொன்றையும் ஆல்சி நீவி விட்டு, பிங்கோ மேடையில் எண் சொல்கிற அதே குரலில், ஒன்றுகூடத் தப்பாமல் அவள் உள்ளங்கையில் வைத்து எண்ணினார்: “அஞ்சு. பத்து. பதினஞ்சு. இருபது. இருபத்தஞ்சு. முப்பது. முப்பத்தஞ்சு. நாப்பது.”