மீன் வரும்வரை காத்திருந்த செல்வராஜ்

சென்ற வியாழக்கிழமை காலை பதுளையில் பஸ்ஸுக்காக நின்றபோது கமலாவின் அழைப்பு வந்தது. "அண்ணே, அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." போனவர் கமலாவின் கணவர் செல்வராஜ். தெமோதரைப் பாடசாலையில் என்னோடு பதினொரு வருடம் கணிதம் கற்பித்தவர்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய அவசரம் தெரியும். அவர் பொறுமையாக இருந்த ஒரே ஒரு மாதத்தை நான் கூட இருந்து பார்த்தேன்.

அவருடைய மகள் நிலாவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கண்ணாடித் தொட்டியும் ஆறு மீன்களும் வாங்கிப் போனேன். அன்றே தண்ணீர் நிரப்பி மீன்களையும் விட்டோம். நிலா ஆறுக்கும் பெயர் வைத்தாள். நான்கு நாளில் ஆறும் செத்து மிதந்தன. அவள் சோறு தின்ன மறுத்துவிட்டாள். என்னால் அவளுக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

"நாளைக்கே வேற வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

"வேணாம் மச்சான். ஏன் செத்துச்சுன்னு தெரியாம இன்னொரு உசிர வாங்க மாட்டேன்" என்றார் செல்வராஜ்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்குள் கத்திக்கொண்டே வந்தார். "மீனோட கழிவே அதுக்கு விஷமாம் மச்சான்! அந்த விஷத்தத் தின்னுற கிருமிங்க இருக்கு. முதல்ல அதுங்களத்தான் வளக்கணும்!"

கூழாங்கற்களைத் தண்ணீர் தெளியும்வரை அலசினார். வடிகட்டியை ஓடவிட்டார். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிட்டார். கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. நம் குளிரில் அவை மெதுவாகத்தான் பெருகும் என்று தண்ணீரைச் சூடாக்கும் கருவியும் வைத்தார். வந்தவர்களெல்லாம் "மீன் எங்க?" என்று சிரித்தார்கள். "இப்பதான் வீடு கட்டுறோம், குடித்தனம் அப்புறம்" என்பார்.

இரண்டு வாரமாகியும், சோதனை மருந்து விட்ட குழாயில் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. விஷம் குறையவில்லை என்று அர்த்தம்; தீர்ந்தால் மஞ்சளாகும். பதுளை மீன் கடைக்காரர் தன் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைத் தருவதாகச் சொன்னார். அதில் நிறையக் கிருமிகள் இருக்குமாம், காய்ந்தால் செத்துவிடுமாம். தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டு எடுத்து, நெரிசலான பஸ்ஸில் ஏறினோம். ஹாலி-எல தாண்டி ஒரு வளைவில் தண்ணீர் தளும்பி ஓர் அம்மாவின் மடியில் கொட்டியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. உசிரு இருக்கு இதுல" என்றார் செல்வராஜ்.

அந்த அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "வெறும் பஞ்சுதானே இருக்கு?"

பஸ்ஸே சிரித்தது. செல்வராஜ் வாளியைப் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தெமோதரையில் இறங்கும்போது அந்த அம்மாவே வாளியைப் பிடித்து இறக்கிக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. "மஞ்சள் மச்சான், மஞ்சள்! ஓடி வா!" நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். குழாயில் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அப்போதும் அவர் விடவில்லை. மேலும் மூன்று நாள் தீனி போட்டுச் சோதித்தார். மூன்று நாளும் மஞ்சள்தான்.

மீன் வாங்கப் புறப்பட்டபோது நிலா, "ரெண்டு போதும்பா" என்றாள். இரண்டுதான் வாங்கினோம். நாட்களை எண்ணினோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். ஐந்தாம் நாள் விடிந்ததும் நிலாவே எனக்குப் போன் எடுத்தாள். "நீந்துதுங்க மாமா!"

அன்று மாலை செல்வராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். அவசரப்பட்டு அந்த ஆறையும் வாங்கிக் கொடுத்தது நான்தானே. ஒரு மாதத்தில் அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"போடா. நீ வாங்கித் தராட்டி இவ்வளவு விஷயம் எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்றார், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பதில்.