ஏழு சுத்துக் கோட்டையில் எதிரே வந்தவர்

1959, மாசி அமாவாசை. காலை ஆறு மணிக்கு சிங்காநல்லூரிலிருந்து புறப்பட்டேன். மில்லில் ஒரு நாள் லீவு. கையில் ஒரு தூக்குப்போசி நிறையப் புளிசாதம். பொள்ளாச்சிக்குத் தெற்கே கரட்டுமேட்டில் 'ஏழு சுத்துக் கோட்டை' இருக்கிறது, அமாவாசையன்று அதற்குள் பேசாமல் நடந்து வந்தால் நினைத்தது நடக்கும் என்று யாரோ சொன்னதாக என் மனைவி பாவாத்தாள் சொல்லியிருந்தாள்.

நான் நினைத்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனும் நானும் பேசி மூன்று வருடம் ஆகிறது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றவர் "வாங்க" என்று சொல்லவில்லை, வெறுமனே தலையை ஆட்டினார். வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குத் திரும்பியவன்தான், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. மச்சான் தானாக வரவேண்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன். கோட்டையில் நான் கேட்க நினைத்த வரம் இதுதான்.

எட்டரை மணிக்குப் பொள்ளாச்சி. இருபத்தாறு மைலுக்கு ஒரு ரூபாய் பத்து நயா பைசா டிக்கெட். கிணத்துக்கடவில் பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் டீ குடித்தார். பொள்ளாச்சியிலிருந்து ஆறு மைல் ஜட்கா வண்டி, ஒன்றரை ரூபாய். மச்சானின் ஊரான ஆனைமலை அந்தப் பக்கம்தான் என்பது தெரியாமல் இல்லை. நடுவில் சில மைல் இருக்கிறதே, போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டிக்கார ராவுத்தரிடம், "கோட்டைன்னா மதிலெல்லாம் இன்னும் நிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"மதிலா? கணுக்கால் ஒசரத்துக்குக் கல்லு வரிசை கெடக்குதுங்க, அவ்வளவுதான். கோழிகூடத் தாண்டிப் போயிருமுங்க. மனுசந்தான் தாண்டக் கூடாது" என்றார்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஒரு களத்து மேட்டளவு இடம், வட்டத்துக்குள் வட்டமாகக் கற்கள். ஒரே வாசல், ஒரே பாதை, அகலம் ஒன்றரை அடி. வழி தவறவே முடியாது. ஆனால் நடுவில் இருக்கும் கல்லை இதோ தொட்டுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் பாதை திரும்பி வெளிவட்டத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. நடுக்கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, அதே பாதையில் திரும்பி வர வேண்டும். வேப்பமரத்தடியில் காவலுக்கு ஒரு பூசாரி அம்மாள்.

"செருப்பைக் கழட்டிப்போடுங்க. கல்லைத் தாண்டாதீங்க. பேசாதீங்க. பேசிப்போட்டா மறுக்காவும் மொதல்ல இருந்துதான்" என்றார்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் நடந்துகொண்டிருந்தார். தலையில் உருமால், குனிந்த முகம். நான் கவனிக்கவில்லை, என் கோபத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முதல் சுற்றில் அந்தத் தலையாட்டல். இரண்டாவது சுற்றில் அதற்கு முந்தைய தீபாவளிக்கு அவர் வராதது. மூன்றாவதில் என் கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் வர நேரமானது. நாலாவது சுற்றில் நினைக்க ஒன்றுமே இல்லை. ஏழு சுற்றுக்குப் போதுமான கோபம் என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மனசு லேசாக இருந்தது, உண்மையாகவே.

அப்போது பக்கத்துப் பாதையில் உருமால்காரர் என்னைக் கடந்தார். நிமிர்ந்து பார்த்தேன். மச்சான்!

அவரும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆனால் அந்தக் கோட்டை விட்டால்தானே? ஒரு வளைவு திரும்பினால் மறுபடி தோளுக்குத் தோள். நான் மேற்கே இருந்த மலையைப் பார்த்தேன், அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். அவர் வெளியே வருகிறார், நான் உள்ளே போகிறேன். இருப்பதோ ஒரே பாதை. கடைசியில் ஐந்தாவது சுற்றில் மூக்குக்கு மூக்கு வந்து நின்றோம். ஒதுங்க இடமில்லை, கல்லைத் தாண்டவும் கூடாது.

மச்சான் தலை உருமாலை அவிழ்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

"வாங்க மாப்பிள்ளை" என்றார்.

"வந்தேனுங்க மச்சான். நல்லா இருக்கீங்ளா?" என்றேன்.

மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் மொதல்ல இருந்து வாங்க!" என்று வேப்பமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

இனி மௌனம் எதற்கு? வாசலை நோக்கித் திரும்பி நடந்தோம். நான் முன்னால், அவர் பின்னால். "மூணு அமாவாசையா வாரேனுங்க மாப்பிள்ளை. ஒவ்வொருக்காவும் எவனாவது எதுக்க வந்து சாப்புட்டீங்களாம்பான். பதில் சொல்லாம எப்படிங்க போறது? இன்னைக்குத்தான் நடுக்கல்லைத் தொட்டுப்போட்டுப் பாதித் தூரம் வந்தேன்."

"அப்படி என்னங்க வேண்டுதல்?"

"புள்ளைக்குக் காது குத்த என்னைய ஒரு வார்த்தை கூப்புடோணும்னுதானுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டியில்லாமல் முன்னால் நடந்தது நல்லதாகப் போயிற்று. "நல்ல நாளா நீங்களே பாருங்க மச்சான். உங்க மடி இல்லாம எப்படிங்க?" என்றேன்.

வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே என்று கிளம்பப் பார்த்தோம். பூசாரி அம்மாள் விடவில்லை. அரைகுறையாக விட்டுப்போகக் கூடாதாம். மறுபடி வாசலிலிருந்து நடுக்கல் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் நடந்தோம். இந்த முறை இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு சுலபம் என்று அந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வேப்பமர நிழலில் புளிசாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். பாவாத்தாள் கட்டிக்கொடுத்தது இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

கோவையில் எத்தனையோ சந்து, எத்தனையோ குறுக்குவழி. பிடிக்காதவர் வந்தால் அடுத்த தெருவில் நுழைந்துகொள்ளலாம். அந்தக் கரட்டுமேட்டில் அந்த வசதி இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில், இதைப் பாவாத்தாளிடம் எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வந்தேன். மச்சானைத் தற்செயலாகப் பார்த்தேன் என்று தொடங்கினால் நம்புவாளா?

மாலை ஐந்தரை மணிக்கு வீடு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்குப்போசியை அவளிடம் நீட்டினேன். வாய் திறக்கவில்லை.

அவள் மூடியைத் திறந்து, ஒரு பருக்கைகூட மிச்சமில்லாததைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் ரொம்ப எளைச்சுப் போயிட்டாருங்களா?" என்று கேட்டாள்.